எதிராளிக்கும் கண் உண்டு

இணையத்தில் செஸ் ஆடிப் பழகுகிறவர்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு முன்னேறினாலும் ஏறக்குறையப் பாதி ஆட்டங்களில் தோற்றுக்கொண்டேதான் இருப்பீர்கள். இன்றைக்கும் பாதி, ஐந்து வருடம் கழித்தும் பாதி.

இதில் மர்மம் ஏதுமில்லை. தளம் உங்கள் புள்ளியைப் பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட அதே புள்ளியில் இருக்கும் இன்னொருவரை எதிரே உட்காரவைக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பட் ஈலோ வகுத்த கணக்கை 1970இல் உலக செஸ் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்குப்படி, இருவரின் புள்ளியும் சமமென்றால் வாய்ப்பு சரிபாதி. ஒருவருக்கு 200 புள்ளி கூடுதலாக இருந்தால் அவர் 100க்கு 76 எடுப்பார் என எதிர்பார்க்கலாம். 400 கூடுதலென்றால் 91. இன்றைய தளங்கள் இதற்குப் பின்னால் வந்த கிளிக்கோ முறையைப் பயன்படுத்துகின்றன என்றாலும் அடிப்படை அதேதான். ஆகவே 900இல் இருக்கும்போது 900காரர்களிடம் தோற்போம். முட்டிமோதி 1200க்குப் போனால் 1200காரர்கள் காத்திருப்பார்கள். தோற்கும்போது நெஞ்சில் ஏறும் எரிச்சலில் மட்டும் எந்த மாற்றமும் இருக்காது.

அப்படியானால் முன்னேற்றம் என்பது என்ன? எண் கூடுகிறது, சரி. அந்த எண் கூடும்போது ஆடுகிறவருக்குள் கூடுவது எது?

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாமெல்லாம் வீட்டுக்குள் முடங்கியபோது செஸ் பக்கம் வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். நாற்பது வயதைத் தாண்டியவன். அந்த வருடக் கடைசியில் 'தி குயின்ஸ் கேம்பிட்' தொடர் வந்து இன்னொரு கூட்டத்தைக் கூட்டிவந்தது. லிச்செஸ் புதிதாக வருகிறவருக்கு 1500 புள்ளியும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் கொடுத்து வரவேற்கும். ரொம்பப் பேருக்கு அந்த 1500 ஒரு வாரம்கூடத் தங்காது. கேள்விக்குறி போவதற்குள் எண் சரிந்து நம் உண்மையான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். யார் மீதும் கோபப்பட முடியாத நேர்மையான வரவேற்பு அது.

கீழ்நிலை ஆட்டங்களைப் பார்த்தால் ஒன்று சட்டென்று புலப்படும். யாரும் யாரையும் வெல்வதில்லை. ஒருவர் தன் ராணியைச் சும்மா கொடுக்கிறார், இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். அல்லது எடுக்க மறந்து தன் கோட்டையைக் கொடுக்கிறார். ஆட்டம் முடிந்தபின் ஸ்டாக்ஃபிஷ் நிரல் வரைந்து காட்டும் கோடு பங்குச்சந்தை வரைபடம்போல மேலும் கீழும் துள்ளும். இந்த நிலையில் வெற்றி என்பதே எதிராளியின் கவனக்குறைவுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பெயர்தான். இப்படியொரு இடத்தில் இருக்கும் ஆளுக்கு இயல்பாக வரும் யோசனை என்ன? கவனக்குறைவை அறுவடை செய்வது.

என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்தான். ராணியை எச்5க்குக் கொண்டுபோய் நிறுத்தி, பிஷப்பையும் எஃப்7ஐப் பார்க்கும்படி வைத்தான். அடுத்த அடியில் மேட். நான்கே அடியில் முடிகிற பழைய வித்தை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

"அவன் பார்த்துட்டா என்னடா பண்ணுவ?"

"பாக்க மாட்டான் லா மாமா."

அவன் சொன்னபடியே எதிரே இருந்தவர் பார்க்கவில்லை. எட்டுப் புள்ளி ஏறியது. பையன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அடுத்த ஆட்டத்தில் ஆட்டக்காரர் சிப்பாயை ஜி6இல் வைத்தார். ராணி எஃப்3க்கு ஓடியது. அவர் குதிரையை வெளியே எடுத்து எஃப்7ஐ மறைத்தார். இப்போது என் மருமகனின் ராணி, தன் குதிரை வந்து நிற்க வேண்டிய கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எதிராளியின் காய்களோ ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு வெளியே வந்துகொண்டிருக்கின்றன. யாரும் எதையும் இழக்கவில்லை, ஆனால் தொடங்கும்போது இருந்த வசதி கைமாறிவிட்டது.

அமெரிக்கப் பயிற்சியாளர் டேன் ஹைஸ்மன் இந்த மாதிரி ஆட்டத்துக்கு 'ஹோப் செஸ்' என்று பெயர் வைத்தார். நம்பிக்கை செஸ் என்று மாற்றினால் என்னவோ பக்திபோல ஒலிக்கிறது. நம் பேச்சில் சொன்னால், 'பாக்க மாட்டான்' செஸ். எதிராளியின் பதில் என்னவாக இருக்கும் என்று கணக்கிடாமல், எல்லாம் சரியாகப் போகும் என்று காயை நகர்த்துவது. ஒரு குறிப்பிட்ட படிக்குமேல் இது உங்களை ஏறவிடாது. அந்தப் படியில் வருடக்கணக்காக நிற்கும் ஆட்கள் நிறைய. அவர்கள் தொடக்க ஆட்டங்களைப் பற்றி யூடியூபில் இன்னும் ஒரு காணொளி பார்ப்பார்கள், புதிய பொறி ஒன்றைக் கற்பார்கள். ஒரு வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும்.

அங்கிருந்து நகர வைப்பது, நான் பார்த்தவரைக்கும், ஒரேயொரு பழக்கம். எதிராளி ஒரு காயை வைத்ததும் 'இவன் இதை எதுக்கு இங்க வச்சான்?' என்று கேட்பது. தன் காயை வைக்கும் முன் 'நான் பார்ப்பதையெல்லாம் அவனும் பார்க்கிறான், அப்பவும் இது நிக்குமா?' என்று கேட்பது. சொல்வதற்கு எளிது. செய்துபார்த்தால் தெரியும், மனசு இதை எவ்வளவு வெறுக்கிறது என்று. நமக்கு நம் திட்டம்தான் அழகு. எதிரே இருக்கிறவருக்கும் ஒரு திட்டம் இருக்கிறது என்பது பெரிய தொந்தரவு.

தமிழில் எதிரி வேறு, எதிராளி வேறு. எதிரே அமர்ந்திருக்கும் ஆள், எதிராளி. 'ஆள்' என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திரையிலோ ஆள் இல்லை. ஒரு நாட்டுக்கொடி, ஒரு புனைபெயர், ஓர் எண். அதற்குள் கண்ணுள்ள ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளத்தான் புதிய ஆட்டக்காரர் பழக வேண்டியிருக்கிறது. முன்னேற்றம் என்று ஒன்று இருந்தால் அதன் பெரும்பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

இதை ஒழுக்கம் என்று சொல்லலாமா? அவசரப்பட வேண்டாம். திருடனும் போலீஸ்காரனுக்குக் கண் உண்டு என்பதை மதிக்கிறவன்தான். எதிராளியின் பார்வையை மிகத் துல்லியமாகக் கணக்கிட்ட பாபி ஃபிஷர், மனிதர்களைப் பற்றி வானொலிகளில் பேசிய வெறுப்புப் பேச்சுகள் உலகறிந்தவை. செஸ் நல்லவனாக்கும் என்று நம்பச் சொல்லும் பள்ளி விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. காண்ட் 1795இல் எழுதிய 'நிரந்தர அமைதி' கட்டுரையின் பின்னிணைப்பில் ஒரு சோதனை சொல்கிறார். பிறருடைய உரிமையைத் தொடும் ஒரு திட்டத்தை வெளிப்படையாக அறிவித்தாலே அது கெட்டுப்போகும் என்றால், அந்தத் திட்டம் அநியாயமானது. அரசுகளை மனதில் வைத்து அவர் எழுதியது இது. ஆனால் 'பாக்க மாட்டான்' ஆட்டத்துக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வாய்விட்டுச் சொன்னால் செத்துப்போகும் திட்டம். நல்ல நகர்த்தலோ எதிராளியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வைத்தாலும் நல்ல நகர்த்தல்தான்.

செஸ்ஸில் இது பாவமில்லை. சீட்டாட்டம்போல ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. பலகையில் எல்லாம் இருவர் முன்னாலும் திறந்து கிடக்கிறது. பொறி வைப்பது பொய் சொல்வது ஆகாது. அது மோசமான செஸ், அவ்வளவுதான். பலகைக்கு வெளியேதான் சிக்கல்.

நான் காப்புறுதித் துறையில் வேலை பார்த்தவன். பாலிசித் தாளின் பின்பக்கத்தில் எவையெல்லாம் சேராது என்று சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அதைப் பற்றிக் கேள்வி வந்தால் அலுவலகத்தில் சர்வசாதாரணமாகப் புழங்கிய வார்த்தை, "அதெல்லாம் படிக்க மாட்டாங்க." மாமாக் கடையில் பையன் சொன்ன அதே வாக்கியம். இதற்கு நம் மண்ணில் வயதும் அதிகம். கப்பல் செலவுக்கும் வழிச்செலவுக்கும் கொடுத்த முன்பணத்தைக் கங்காணி கடனாக எழுதிக்கொண்டு ஆட்களைத் தோட்டத்தில் கட்டிப்போட்ட காலத்தில், கைநாட்டு வைத்தவர்களுக்குத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. எழுதியவருக்கு அது தெரியும். அவர்களால் படிக்க முடியாது என்பதும் தெரியும். அந்தக் கணக்கு முழுக்க அந்த ஒரு நிச்சயத்தின் மேல் நின்றது.

செஸ்ஸில் எதிராளியின் குருட்டுத்தனத்தின் மேல் பந்தயம் கட்டுகிறவன் ஒரு படியில் சிக்கி நின்றுவிடுகிறான். வெளியே அப்படிப்பட்டவர்கள் நின்றுவிடுவதில்லை. கார் வாங்குகிறார்கள், மேடையில் மாலை வாங்குகிறார்கள். ஆட்டம் வாழ்க்கைக்குப் பாடம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை எப்படிக் கடப்பார்களோ தெரியவில்லை. எனக்கு அது பாடமாகப் படவில்லை. மரியாதையான பார்வையே பலமான பார்வையாகவும் இருக்கும் ஓர் அபூர்வமான சின்ன இடம், அறுபத்துநான்கு கட்டம், அவ்வளவே. வெளியே அது கிடைக்காது என்பதால்தான் இரவு பதினொரு மணிக்கும் அங்கே போய் உட்காரத் தோன்றுகிறதோ என்னவோ.

2024 டிசம்பர் 12 அன்று செந்தோசாவில் நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். உலக வாகையர் போட்டியின் பதினான்காவது ஆட்டம். புள்ளிகள் சமம். கறுப்புக் காய்களுடன் குகேஷ் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தார். சமநிலையில் முடியும் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 55ஆவது நகர்த்தலில் டிங் லிரன் தன் கோட்டையை எஃப்2இல் வைத்தார். கோட்டைகள் மாறி, பிஷப்புகளும் மாறியே தீரும் நிலை. மிஞ்சும் ராஜா, சிப்பாய் ஆட்டத்தில் வெள்ளைக்குத் தோல்வி நிச்சயம். பதினெட்டு வயதுச் சென்னைப் பையன் உலக வாகையர் ஆனான். உடனே ஒரு முணுமுணுப்பு கிளம்பியது: டிங் பரிசாகத் தூக்கிக் கொடுத்ததுதானே?

பரிசு என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சங்கடம் இல்லை. ஆனால் என் மருமகனின் எட்டுப் புள்ளியும் இதுவும் ஒன்றல்ல. குகேஷ் டிங் பார்க்க மாட்டார் என்று எதையும் வைக்கவில்லை. டிங் எல்லாவற்றையும் சரியாகப் பார்த்திருந்தால் ஆட்டம் சமனாகியிருக்கும், குகேஷுக்கு நட்டமில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார், பதில் ஒரு தடவை தவறிவிட்டது. வென்றபின் அழுதுகொண்டே காய்களை அவரவர் இடத்தில் திரும்ப அடுக்கிவைத்ததும் எல்லோரும் பார்த்ததே.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1786இல் செஸ்ஸின் ஒழுக்கம் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். முன்யோசனை, சுற்றுப்பார்வை, எச்சரிக்கை என்று வழக்கமான சங்கதிகளோடுதான் தொடங்குகிறது. எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. விதியைக் கறாராகப் பிடித்து ஆடவில்லையென்றால், எதிராளி காயைக் காவலில்லாத இடத்தில் வைக்கும்போது அதை அன்போடு சுட்டிக்காட்டலாம் என்கிறார். ஆட்டம் போனாலும் அவருடைய மதிப்பு கிடைக்கும் என்பது அவர் வாதம். இணையத்தில் இது நடக்குமா? லிச்செஸில் கொஞ்சம் நடக்கும். எதிராளி நகர்த்தலைத் திரும்பப் பெற அனுமதி கேட்கலாம், நாம் கொடுக்கலாம். அவருடைய கடிகாரத்தில் பதினைந்து விநாடி சேர்க்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது. மௌஸ் வழுக்கி ராணி ஒரு கட்டம் தள்ளி விழுந்தது தெரிந்தால் நான் திரும்பக் கொடுத்துவிடுவேன். யோசித்து வைத்துத் தவறியிருந்தால் மாட்டேன். கை தவறியதா கண் தவறியதா என்பது பெரும்பாலும் பலகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ராணிக்குப் போக நல்ல இடம் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கும். நேரில் ஆடினால் தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பது தெரியும். அங்கே விரல்கூட நம்முடைய பொறுப்பு. கண்ணாடித் திரையில் அந்த அளவுக்குக் கறாராக இருக்க எனக்கு மனசு வரவில்லை.

இதையெல்லாம் ஒருநாள் மருமகனிடம் கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். அவன் இப்போது என்னைவிட இருநூறு புள்ளி மேலே. 100க்கு 76 அவனுக்கு. பொறுமையாகக் கேட்டான். பிறகு, "மாமா, நீங்க சொல்றது பதினஞ்சு நிமிஷ ஆட்டத்துக்குச் சரி. மூணு நிமிஷத்துல யாருக்கு மாமா கண்ணு இருக்கு? அங்க எல்லாரும்தான் குருடு. அப்ப யார் பாக்க மாட்டான்னு தெரிஞ்சு வைக்கிறதுதானே ஆட்டமே?" என்று கேட்டான்.

பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவனுக்கு அடுத்த ஆட்டம் கிடைத்துவிட்டது. கறுப்புக் காய்கள். நேரம் ஓடத் தொடங்கியிருந்தது.