கயிற்றின் உள்புரி



பீடத்தின் கீழே கிடக்கும் இந்தக் கொடியை, வாசகம் நடக்கும்போதே சிலர் எட்டிப் பார்த்தீர்கள். அடப்பங்கொடிதான். வெள்ளிக்கிழமை மாலை பட்டினச்சேரிக் கடற்கரையில் மணல்மேட்டிலிருந்து அறுத்து வந்தேன். அறுத்த இடத்தில் பால் வடிந்தது. கொண்டுவந்து அறையில் ஒரு மூலையில் போட்டேன். சனிக்கிழமை காலையில் பார்த்தால் அப்படியே பச்சை. ஒரு மொட்டுகூட விரிந்திருந்தது. இன்று மூன்றாம் நாள். இலைகளின் ஓரம் சுருள ஆரம்பித்திருக்கிறது. மற்ற மொட்டுகள் உதிர்ந்துவிட்டன.

பாஸ்கா காலத்தின் 5ஆம் ஞாயிற்றுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருகிற நற்செய்தி இது. யோவான் 15ஆம் அதிகாரம். தம்மைத் திராட்சைச் செடி என்றும் நம்மைக் கிளைகள் என்றும் ஆண்டவர் சொல்கிறார். நம் பக்கம் திராட்சைத் தோட்டம் கிடையாது. கம்பம் போனால்தான் பந்தல் பந்தலாகப் பார்க்கலாம். அதனால்தான் நமக்குத் தெரிந்த கொடியை எடுத்து வந்தேன்.

அறுபட்ட கொடி அன்றே வாடுவதில்லை. இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என்னைப் பயமுறுத்துவது இதுதான். வீட்டில் மாலைச் செபமாலை நின்றுபோகிறது. முதல் வாரம் ஒன்றும் ஆவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், தொழில் நடக்கிறது, உலை கொதிக்கிறது. ஞாயிறு திருப்பலிக்குப் போகாத மாதத்திலும் நல்ல மீன்பாடு கிடைக்கிறது. மொட்டுகூட விரிகிறது! பிறகு ஒருநாள் சின்ன விஷயத்துக்கு வாயில் வரக்கூடாத வார்த்தை வருகிறது. கூடப் பிறந்தவனோடு படகுப் பங்கு விஷயத்தில் பேச்சு நின்றுபோகிறது. எப்போது இப்படி ஆனோம் என்று யோசித்தால் நமக்கே பிடிபடுவதில்லை. குருக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மனம் ஒன்றிச் செபிக்காத வாரத்திலும் என்னால் பிரசங்கம் வைக்க முடியும். கொடியில் மிச்சமிருக்கும் பால் அது. எத்தனை நாளைக்கு வரும்?

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்று கடலுக்குக் கொடுக்கிற ஓய்வு. வருமானம் இல்லாத நாள்கள்தான்; வீட்டில் கைச்செலவுக்குத் திண்டாட்டம்தான். ஆனால் கரையில் யாரும் சும்மா இருப்பதில்லை. கொடி அறுக்கப் போன அன்று மாலை ஒரு பெரியவர் கீற்றுக்கொட்டகை நிழலில் கயிற்றுச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழம் முழமாகக் கயிற்றை இழுத்து, முறுக்கை இரண்டு கட்டைவிரலாலும் பிரித்து, புரிகளுக்கு நடுவே உற்றுப் பார்த்தார்.

"மேல நல்லாத்தானே இருக்கு, ஐயா?" என்று கேட்டேன்.

"மேல நல்லாத்தான் இருக்கும், சாமி. மணலும் உப்பும் உள்ள போயி உக்காந்துக்கிட்டு, இழுக்க இழுக்க அறுத்துக்கிட்டே இருக்கும். வலை கிழிஞ்சா கண்ணுக்குத் தெரியும். கயிறு உள்ளுக்குள்ள இத்துப்போனா கடல்லதான் தெரியும். அப்பத் தெரிஞ்சு என்ன பண்றது?"

அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் இந்த நற்செய்திக்கு அதைவிட நல்ல விளக்கவுரையை நான் வாசித்ததில்லை.

புனித தேவசகாயத்தை நினைத்துப் பாருங்கள். மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர். டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைதானார். விலங்கு பூட்டி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, நம் வீடுகளில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கண் கலங்கினோம். பிரசங்கங்களில் எப்போதும் அந்தச் சிறைக்காலத்தைத்தான் பேசுகிறோம். எனக்கோ, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள்மீதுதான் கண். திருமுழுக்குக்கும் கைதுக்கும் நடுவில் அவர் உத்தியோகம் பார்த்தார், மனைவி ஞானப்பூவோடு குடும்பம் நடத்தினார். விழா எடுக்க அந்த ஆண்டுகளில் ஒன்றுமில்லை. ஆனால் கயிறு முறுக்கேறியது அப்போதுதான். விலங்கு மாட்டிய அன்று புதிதாக ஒரு விசுவாசத்தைத் தேடிப் பிடிக்க அவருக்கு நேரமில்லை. கரையில் முறுக்கிய கயிறுதான் கடலில் தாங்கியது.

"அப்படியானால் ஏற்கெனவே அறுந்துபோனவன் கதி என்ன, ஃபாதர்?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். இந்த வார்த்தைகளை ஆண்டவர் எப்போது சொன்னார் என்று பாருங்கள். கடைசி இராவுணவு முடிந்த அதே இரவு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சில மணி நேரத்தில் சிதறி ஓடினார்கள். பேதுரு மூன்றுமுறை மறுதலித்தார். பிறகு பழைய தொழிலுக்கே திரும்பி, இரவு முழுக்க வலைபோட்டு வெறும் வலையை இழுத்தார். டீசலுக்குக் கடன் வாங்கிப் போய்ப் பாடு இல்லாமல் திரும்புகிற காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலையில்தான் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு ஆண்டவர் காத்திருந்தார். மறுதலித்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்பு செய்கிறாயா என்று மட்டும் மூன்றுமுறை கேட்டார். எந்தெந்த இடத்தில் அறுந்ததோ அந்தந்த இடத்தில் முடிச்சு.

அந்தப் பெரியவரும் கயிற்றைத் தூக்கி எறியவில்லை. இத்துப்போன ஒரு முழத்தைக் கண்டுபிடித்தார். அதை மட்டும் கத்தியால் அறுத்துப் போட்டார். நல்ல முனைகள் இரண்டையும் புரி புரியாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று விட்டுப் பின்னினார். கால்மணி நேரம் நின்று பார்த்தேன். பின்னிய இடம் கையில் தடிப்பாகத் தெரிந்தது. காலை அதில் முட்டுக்கொடுத்து, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த முழத்துக்குப் போனார்.

இந்த வாரம் உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஏழு மணிக்குக் கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். செபமாலையின் ஐந்து பத்து மணியும் சொல்ல முடியாவிட்டால் ஒரு பத்து மணியாவது சொல்லுங்கள். பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி இருந்தால், யார் முதலில் என்று பார்க்காமல் வாசலுக்குப் போய்க் கூப்பிடுங்கள். ஒரே செடியில் இருக்கிற இரண்டு கிளைகள் பேசாமலிருக்க என்ன நியாயம் இருக்கிறது? இத்துப்போன முழம் எது என்று தெரிந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருப்பேன். கடைசி ஆள் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன்.