மூன்றில் ஒன்று

குழந்தைகளோடு மாடித்தோட்டம் போடுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் விதை முளைக்கும் நாளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அதற்குப் 10 நாள் கழித்து வரும் வேலையைப் பற்றிப் பேச்சே இருக்காது.

வெண்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு பைக்கு ஒரு செடிதான் கணக்கு. எல்லா விதையும் முளைக்கும் என்று நிச்சயமில்லை என்பதால் ஒரே குழியில் மூன்று விதை போடுவோம். பல சமயம் மூன்றுமே வந்துவிடும். நாலு இலை விட்டதும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கலைத்துவிட வேண்டும். கத்தரி, தக்காளி என்றால் நாற்றை வேறு பைக்கு மாற்றலாம். முளைக்கீரை என்றால் பிடுங்கியதைக் கூட்டில் போடலாம். வெண்டைக்கு ஆணிவேர்; பிடுங்கி நட்டால் சரியாகப் பிடிக்காது. போனால் போனதுதான்.

என் மகள் கேட்டாள்: "அது என்னப்பா தப்பு பண்ணுச்சு?"

இதற்குப் பெரியவர்கள் கைவசம் இரண்டு பதில் வைத்திருக்கிறோம். ராத்திரியோடு ராத்திரியாக நாமே பிடுங்கிவிட்டு, "பூச்சி தின்னுடுச்சு" என்பது ஒன்று. "பலமானதுதான் பிழைக்கும், அது இயற்கையோட விதி" என்பது இன்னொன்று. முதலாவது பொய் என்று நமக்கே தெரியும். இரண்டாவதும் பொய்தான். அறிவியல் சட்டை போட்டுக்கொண்டு வருவதால் நமக்கு உறைப்பதில்லை.

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம், கொடியவர்களை அரசன் தண்டிப்பதைக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறது. களை வேறு, பயிர் வேறு என்பதால்தான் அந்த உவமை நிற்கிறது. இங்கே அந்த ஆறுதல் கிடையாது. போவதும் பயிர்தான். அதே பாக்கெட், அதே மண். இரண்டு நாள் பிந்தி முளைத்தது, அவ்வளவுதான்.

12 அங்குலப் பையை வாங்கியது நாம். ஒன்றுக்கான இடத்தில் மூன்றைப் போட்டதும் நாம். எங்கள் தொழிலில் ஒரு சர்வர் விழுந்தால் தாங்குவதற்கு இன்னொன்றைத் தயாராக வைத்திருப்போம். முதலாவது விழாமலே ஓடினால், மற்றது பலவீனமானது என்று யாரும் சொல்வதில்லை. அது நம் முன்ஜாக்கிரதைக்கு ஆன செலவு. வெண்டை நாற்றும் அப்படிப்பட்ட செலவுதான், ஆனால் அதற்கு உயிர் இருக்கிறது.

இயற்கை விதி என்று சொல்லிவைத்தால் குழந்தை அதை மாடியிலேயே விட்டுவிட்டு இறங்காது. வகுப்புக்கும் எடுத்துப்போகும். கடைசி பெஞ்சில் தடுமாறுகிறவனைப் பார்க்கும்போது, ஆயிரம் பேர் எழுதிப் பத்துப் பேருக்கு இடம் கிடைக்கிற தேர்வைப் பார்க்கும்போது, பையை இவ்வளவு சின்னதாக வைத்தது யார் என்று அதற்குக் கேட்கத் தோன்றாது.

நான் சொன்னது இதுதான்: "அது ஒரு தப்பும் பண்ணலம்மா. இடம் ஒண்ணுக்குத்தான் இருக்கு. மூணு போட்டது நாம. எதை வைக்கிறதுன்னும் நாமதான் முடிவு பண்ணணும்."

சின்ன வயசுக்கு இது கனம் என்பீர்கள். கனம்தான். கத்தரிக்கோலைப் பிடிப்பதா வேண்டாமா என்பதைக் குழந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். (பிடுங்குவதைவிட மண்ணை ஒட்டி வெட்டுவது நல்லது, நிற்கிற செடியின் வேர் அசையாது.) ஆனால் வெட்டுவது நம் கை என்பதை மறைக்க வேண்டாம்.

அடுத்த முறை ஒரே ஒரு விதை போடலாமே என்று குழந்தை கேட்கக்கூடும். தாராளமாகப் போடலாம். முளைக்காவிட்டால் ஒரு வாரம் வீணாகும், மறுபடி போட வேண்டும். அந்த ஒரு வாரத்தைக் கொடுக்கலாமா என்று உட்கார்ந்து பேசுங்கள்.