அரணைத் தகர்க்கும் உட்பகை

படைபலமும் பொருள்வளமும் குறையும்போதே அரசு வீழும் என்பது பொதுவான எண்ணம். எமது மாத்தளை மண்ணையும் தன்னுள் கொண்டிருந்த கண்டி இராச்சியத்தின் வரலாறோ வேறொரு காரணத்தைக் காட்டுகின்றது.

போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும் நிலையாக அடக்க முடியாத இராச்சியம் அது. 1803 இல் பிரித்தானியர் கண்டி நகரைப் பிடித்தபோதும், அங்கு நிறுத்திய காவற்படை அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அழிக்கப்பட்டது. அப்போது ஆட்சி செய்தவன் தென்னிந்திய நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். 1815 பெப்ரவரியிலும் அவனே அரசன். மலையும் காடும் அப்படியே இருந்தன. ஆயினும் பெரும் போர் எதுவுமின்றியே தலைநகர் பிரித்தானியர் வசமாயிற்று.

இடையில் நேர்ந்தது என்ன? அரசன் பிரதானிகளை நம்பவில்லை. பிரதானிகள் அரசனை அஞ்சினர். முதன் மந்திரியாயிருந்த எஹலேபொல 1814 இல் கிளர்ச்சி செய்து, தோல்வியுற்றுப் பிரித்தானியரிடம் தஞ்சம் புகுந்தான். அவன் செய்த குற்றத்துக்காக அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். குற்றமறியாக் குழந்தைகளின் இரத்தம் சிந்திய அன்றே செங்கோல் வளைந்துவிட்டது. 1815 மார்ச் 2 ஆம் திகதிய கண்டி உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் மாத்தளைத் திசாவையும் ஒருவர்.

பிரித்தானியரின் சூழ்ச்சியும் இதிற் பங்குகொண்டது உண்மையே. ஆனால், வெடிப்பு இல்லாத சுவரில் வேர் நுழைவதில்லை. துரோகம் மன்னிக்கத் தக்கதன்று. அதனால் எஹலேபொல வாழ்வு பெறவுமில்லை. அவன் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு 1829 இல் இறந்தான். அரசனோ வேலூரில் கைதியாகவே 1832 இல் உயிர் நீத்தான். கொடுங்கோன்மைக்கும் உட்பகைக்கும் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். கண்டியில் முன்னையது பின்னையதை வளர்த்து, இரண்டுமாக இராச்சியத்தை அழித்தன.

இப்பாடம் அரசர்க்கு மட்டும் உரியதன்று. ஊர்ச் சங்கத்திலும் ஆலய பரிபாலன சபையிலும் கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ணினால், அவர் வெளியே சென்று குறை கூறுவார். அவரை அமர்த்தி, ஏட்டை விரித்துக் காட்டினால் அவரே சபைக்குத் தூணாவார். ஒருவர் செய்த பிழைக்காக அவர் வீட்டாரின் உபயத்தை மறுப்பதும், அவர் பிள்ளைகளைத் திருவிழாவில் ஒதுக்கிவைப்பதும் அந்த அரசன் செய்த தவறின் சிறு வடிவமே.

அம்பாளின் தேர்வடத்தை எல்லோரும் சேர்ந்து இழுத்தாற்றான் தேர் நகரும். மனம் வருந்தி விலகி நிற்பவர் வீட்டு வாசலுக்கு இவ்வாண்டு நாமே சென்று அழைப்போமாக.