ஊக்குவித்தோர் கடன்

பாடசாலை றோபோக் குழுவிற் சேருமாறு பெண்பிள்ளைகளை ஊக்குவித்தல் எளிது. ஊக்குவித்தோர் கடன் எங்கே முடிகின்றது என்பதே வினா. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகர மாணவியர் அறுவர், இருமுறை வீசா மறுக்கப்பட்டும், 2017இல் வொஷிங்டன் சென்று சர்வதேச றோபோப் போட்டியிற் பங்குபற்றினர். 2020இல், கொரோனா பரவிய வேளை, அக்குழுவினர் டொயோட்டா கொறோலாக் காரின் உதிரிப்பாகங்களைக் கொண்டு மலிவான செயற்கைச் சுவாசக் கருவியின் மாதிரியொன்றை ஆக்கினர். 2021இல் தலிபான் ஆட்சி மீண்டது. ஆறாம் வகுப்புக்கு மேல் மாணவியர்க்குக் கதவுகள் அடைபட்டன. குழுவினர் சிலர் கட்டாரிலும் மெக்சிக்கோவிலும் அடைக்கலம் புகுந்தனர்.

பறிபோகக்கூடிய ஆசையை ஊட்டாதிருப்பதே கருணை என்பாருமுளர். இரக்கம்போல் ஒலிக்கும் இவ்வாதம், கதவடைத்தவரின் குற்றத்தைக் கற்பித்தவர் தலையிற் சுமத்துகின்றது. ஆயினும் அதனை முற்றாகத் தள்ளிவிட இயலவில்லை. போட்டி மண்டபத்திற் கைதட்டியோர், அடைபட்ட கதவின் முன்னும் அம்மாணவியருடன் நிற்கக் கடமைப்பட்டவரல்லரோ?