மழைக்கு முன் வாங்கிய அரிசி

புயல் அறிவிப்பு வந்த மாலை எந்தத் தெருவின் பால் கடையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒருவர் பத்து பாக்கெட் கேட்கிறார். "வீட்டுக்கு ரெண்டுதான் சார், பின்னாடி நிக்கிறவங்களுக்கும் வேணும்ல" என்கிறார் கடைக்காரர். "காசு குடுத்துத்தானே வாங்குறேன்?" என்று அவருக்குக் கோபம் வருகிறது. வாக்குவாதத்துக்கு நேரமில்லாத கடைக்காரர் ஆறு எடுத்து நீட்டுகிறார். வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண் வாய் திறப்பதில்லை. முன்னால் எத்தனை பேர், பெட்டியில் எத்தனை பாக்கெட் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டியபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. பால் வண்டிகள் வர முடியவில்லை. கிடைத்த இடத்தில் பால் இரண்டு மடங்குக்கும் மேலான விலைக்கு விற்றது. அந்த நேரத்தில் ஆறு பாக்கெட் வாங்கிய வீட்டில் என்ன நடந்திருக்கும்? கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜில் பால் எத்தனை நேரம் தாங்கும்? இரண்டு பாக்கெட் காபிக்கு ஆகியிருக்கும். மீதி மறுநாளுக்குள் திரிந்துபோய்ச் சாக்கடைக்குப் போயிருக்கும். அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் வயதானவர்கள் இருக்கலாம், பேரப்பிள்ளை இருக்கலாம். பயந்திருக்கிறார். ஆனால் பயத்துக்காக வாங்கிய நான்கு பாக்கெட்டும் வேறு ஒரு வீட்டின் அடுப்பிலிருந்து எடுத்ததுதான்.

இதற்குப் பதுக்கல் என்று பெயர் சூட்டலாமா? 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் குறிவைப்பது வியாபாரிகளை. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் சானிடைசரையும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தபோதும், கிடங்கில் மூட்டை கட்டி வைப்பவனைப் பிடிப்பதுதான் நோக்கமாக இருந்தது. நான்கு பாக்கெட் கூடுதலாக வாங்கும் குடும்பத்தலைவரை எந்தச் சட்டமும் தேடி வராது, வரவும் கூடாது. தன் பிள்ளைக்கு முதலில் சோறு என்று நினைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிறகு தவறு எங்கேதான் தொடங்குகிறது? பலரும் அளவைக் காட்டுவார்கள்: இத்தனை கிலோவரை சரி, அதற்கு மேல் பேராசை. அளவைவிட நேரம்தான் இங்கே முக்கியம் என்பதற்கு நம் வீடுகளிலேயே சாட்சி இருக்கிறது.

மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். வீட்டுப் பெண்கள் கோது நீக்கி, கொட்டை தட்டி, உப்புப் போட்டுப் பிசைந்து ஜாடியில் அடைப்பார்கள். ஒரு வருஷத்துப் புளி. மிளகாய் வற்றல் மொட்டை மாடியில் காயும். துவரையும் உளுந்தும் அறுவடை முடிந்த கையோடு வாங்கி வெயிலில் போட்டு எடுத்து டின்னில் ஏறும். நெல் விளைந்த வீடுகளில் குதிர் நிறையும், வண்டு வராமல் வேப்பிலையோ நொச்சித் தழையோ அதில் கிடக்கும். இவ்வளவையும் யாரும் பதுக்கல் என்று சொன்னதில்லை. சந்தை நிறைந்து, விலை இறங்கி, விற்கிறவன் வாங்குகிறவனைத் தேடும் காலத்தில் நடந்த கொள்முதல் அது. வாங்கியதால் விளைவித்தவனுக்கும் ஆதாயம். ஐப்பசி, கார்த்திகையில் சரக்கு இறுகும்போது அந்த வீடு கடைக்கு வரவே தேவையில்லை, அதன் இடம் வரிசையில் காலியாக இருக்கும். அதே ஐந்து கிலோ பருப்பை ஆடியில் நாலு தவணையாக வாங்கினால் அது முன்யோசனை. புயல் எச்சரிக்கை வந்த மாலையில் ஒரே பையில் வாங்கினால் அடுத்தவர் பங்கில் கைவைப்பது. பொருளும் ஒன்று, எடையும் ஒன்று.

"நான் வாங்காவிட்டால் பின்னால் நிற்கிறவர் வாங்கிக்கொண்டு போகப்போகிறார், அதற்கு நான் ஏன் நல்லவனாக இருக்க வேண்டும்?" என்ற கேள்வியைத் தட்டிவிட முடியாது. 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்து எரிபொருள் இறக்குமதி தடுமாறியபோது அந்தக் கேள்வி பெட்ரோல் நிலைய வாசலில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடந்தது. வரிசையில் நின்ற முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்ததும் நடந்தது. பற்றாக்குறை உண்மைதான். அதற்கு மேல் பயமும் ஏறிக்கொண்டது. சாதாரண நாளில் கால் டாங்கில் ஓடும் வண்டி, பயம் வந்ததும் முழு டாங்கோடு நிற்க விரும்பும். ஒரு நாட்டின் எல்லா வண்டிகளும் ஒரே வாரத்தில் அப்படி விரும்பினால் எந்தக் கப்பல் வந்தும் போதாது. அந்த ஆண்டு ஜூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். வரத்தும் சற்றுச் சீரானது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் வரிசை கரைந்ததற்கு முக்கியக் காரணம், தன் பங்கு தனக்கு உண்டு என்ற நிச்சயம் ஒவ்வொருவருக்கும் கிடைத்ததுதான். "வீட்டுக்கு ரெண்டுதான் சார்" என்ற பால் கடைக்காரரின் கறாரும் அதே வேலையைச் செய்கிறது. அவரோடு சண்டை போடுகிறவர், தன் பங்கையும் காப்பாற்றும் ஒரே ஏற்பாட்டை உடைக்கிறார்.

பழியை முழுக்க மக்கள் மேல் போடுவதும் நியாயமாகாது. 2020 ஏப்ரல் 24 அன்று, 26 முதல் நான்கு நாள் சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். 25ஆம் தேதி காய்கறிக் கடைகளில் தோளோடு தோள் இடித்தது கூட்டம். கையில் ஒரு நாளைக் கொடுத்துவிட்டு நிதானமாக வாங்கு என்று யாரிடமும் சொல்ல முடியாது.

முன்கூட்டியே வாங்கு என்று சொல்வதும் எல்லோரையும் பார்த்துச் சொல்லக்கூடிய புத்திமதி இல்லை. அன்றாடங்காய்ச்சி என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. அன்றைய கூலியில் அன்றைய அரிசி, ஐம்பது மில்லி எண்ணெய், பத்து ரூபாய்க்குப் பருப்பு. மீதம் வைக்கக் காசும் இல்லை, பத்துக்குப் பத்து அறையில் இடமும் இல்லை. அவர்களுக்கு ரேஷன் அரிசியும் அண்ணாச்சி கடையின் கடன் நோட்டும்தான் கையிருப்பு. ஆகவே மாதச் சம்பளம் வருகிற வீட்டுக்கு இது வசதி என்பதைத் தாண்டிக் கடமையாகிறது. மூன்று நாளைக்கான அரிசி, பருப்பு, பால் பவுடர், மெழுகுவத்தி, நான்கு பேருக்கு இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் பதினைந்து நாள் மாத்திரை. புரட்டாசிக்குள் இவ்வளவையும் சேர்த்துவிட்ட குடும்பம், கார்த்திகைப் புயலில் கடை வாசலுக்கு வராமல் இருக்க முடியும். கைக்குழந்தைக்காரிக்கு அந்த ஆறில் தன் பங்கு இரண்டு பாக்கெட்டும் கிடைத்திருக்கும்.

எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2021 கோடையில், கொரோனா இரண்டாம் அலையின்போது, தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று ஆக்சிஜன் சிலிண்டரையும் ரெம்டெசிவிர் மருந்தையும் வாங்கி வைத்த வீடுகள் இருந்தன. அரிசி மீந்தால் அடுத்த மாதம் பொங்கலாம். மூச்சுத் திணறுகிறவருக்கு இன்றைக்கு வேண்டிய சிலிண்டர், யாருக்கும் நோயில்லாத வீட்டின் ஓர் அறையில் சாத்திவைக்கப்பட்டிருந்தால், அதைச் சேமிப்பு என்ற சொல்லால் மூடவே முடியாது. அங்கே ஒன்றுகூட அதிகம்.

சேர்த்து வைத்தவருக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது, உண்மையிலேயே கடினமான கேள்வி. மூன்று நாளைக்கென்று வைத்ததை, முதல் நாளே கதவைத் தட்டும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்க வேண்டுமா? வெள்ளம் எப்போது வடியும் என்று யாருக்கும் தெரியாதபோது கொடுக்கச் சொல்வது எளிது, டின்னின் அடி தெரியத் தெரியக் கொடுப்பது எளிதில்லை. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் ஆளில்லாத மணிபல்லவத் தீவில், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு தனித்து விடப்பட்டபோது, தன் ஒருவன் வயிற்றுக்காக அதை வைத்திருக்க மனமில்லாமல் பொய்கையில் விட்டுவிட்டு உயிர் நீத்தான். அந்த உயரத்தைக் குடும்பத்திடம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. நம் பாட்டிமார் கையாண்ட வழி இதைவிடச் சிறியது, ஆனால் நடக்கக்கூடியது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்கள். பிடி அரிசி. அது வீட்டுக்கானது இல்லை என்று நிறைந்திருக்கும் நாளிலேயே முடிவாகிவிடுவதால், தட்டுப்பாட்டு நாளில் மனம் கணக்குப் போட வேண்டியதில்லை. அவசரத்துக்கென்று வைக்கும் டின்களில் ஒன்றை அப்படி ஒதுக்குவது எந்த வீட்டையும் பட்டினி போடாது.

மிக்ஜாம் போன இரண்டே வாரத்தில், டிசம்பர் 17, 18இல், தெற்கே பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் அடித்துக்கொண்டு போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பிறகு சாலையும் மூழ்கியது, 500 பேர் அளவில் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து, ஊர்க் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் தண்ணீர்தான், அவர்களுக்கும் கடை இல்லை, கரண்ட் இல்லை. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது 19ஆம் தேதி. அதுவரை ரயிலில் இருந்தவர்கள் சாப்பிட்டது அந்த வீடுகளின் அரிசியைத்தான்.