அதிர்ச்சியுற்ற மனமும் வைத்தியமும்

வாளையார் முதல் மூணாறு வரையுள்ள மலையோரங்களில் நம் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வாழ்ந்து வருகின்றனர். அவர்களை முன்னிட்டு நம் சங்கத்தாரிடையே ஒரு வினா அடிக்கடி எழுகின்றது. பெருந்துயர் கண்டு மனங்கலங்கியவன் வைத்தியரை நாடுவது தம்மத்தில் உறுதியின்மையாகுமா? எல்லாம் அநித்தியம் என்றறிந்தவனுக்கு மருந்தெதற்கு என்று கேட்போர் உளர். நாமும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அவ்வாறே எண்ணியிருந்தோம்.

2020 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த இராஜமலையில், பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டப் பிரிவின்மேல் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களோடு லய வீடுகள் மண்ணுள் புதைந்தன. தொலைபேசித் தொடர்பு அற்றிருந்தமையால் வெளியுலகம் அதனை மறுநாட் காலையிலேயே அறிந்தது. 70 பேர் மாண்டனர். அவருள் நால்வருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. மாண்டவருள் பெரும்பாலோர் தமிழர். கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்வீகமாக உடையவர் பலர். ஒரே இரவில் பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்து எஞ்சியவர்க்கு அநித்தியத்தை நாம் போய்ப் போதிக்க வேண்டுமோ?

இத்தகைய பேரிடர்க்குப்பின் துக்கமும் உறக்கமின்மையும் எவர்க்கும் உண்டாவனவே. பலர்க்கு அவை நாளடைவில் தணிந்துவிடும். சிலர்க்கோ தணிவதில்லை. ஓட்டின்மேல் மழை விழுந்தவுடன் அந்த இரவே திரும்பி வந்ததுபோல் உடல் நடுங்கும். கனவிலும் அதுவே தோன்றும். அவ்வழியே செல்லவும் அதைப்பற்றிப் பேசவும் அஞ்சி விலகுவர். சிற்றோசைக்கும் திடுக்கிடுவர், காரணமின்றிச் சினப்பர், அன்புடையாரிடத்தும் மனம் மரத்து நிற்பர், தாம் மட்டும் பிழைத்ததைக் குற்றமாகக் கருதுவர். இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைக்குமாயின், அது நோய் என்றறிக. பேரதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்த நோய் என்பது அதன் பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980 இல் இதனைத் தன் நோய்ப்பட்டியலிற் சேர்த்தது. சிலரிடம் ஆறு திங்கள் கழிந்தபின்னும் இது முழுமையாகத் தலைகாட்டும். உறங்குதற்பொருட்டுக் கள்ளையும் சாராயத்தையும் நாடுவோரைச் சீலம் தவறினோர் என்று இகழுமுன் அவர் எதனை மறக்கக் குடிக்கின்றார் என்று வினவுதல் நன்று.

படாசாரையின் சரிதம் நாம் அறிந்ததே. கணவன் பாம்பு தீண்டி மாண்டான். இரு மக்களும் மாண்டனர். அதே மழையிரவில் பெற்றோர் வீடு இடிந்து அவர்களும் மடிந்தனர். ஆடையும் உணர்வின்றி அலைந்த அவளைப் பித்தியென்று ஊரார் விரட்டினர். பகவன் அவளை அருகே வரவிட்டு, முதலில் நினைவைப் பெறுமாறு பரிவுடன் அழைத்தார். நினைவு வந்தது, நாணமும் வந்தது, ஒருவர் தம் மேலாடையை ஈந்தார். அதன் பின்னரே உபதேசம். இவ்வரிசையை நம் உபதேசிகள் கவனிப்பதில்லை.

இது முன்வினைப் பயனென்று சொல்லி வாளாவிருப்போரும் உளர். மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் இதனையே கேட்டபோது, பித்தம், சிலேட்டுமம், வாயு, பருவமாறுதல், புறத்தாக்குதல் முதலியவற்றாலும் வேதனை உண்டாகும் என்றும், எல்லாம் முன்வினையே என்போர் கண்கூடானதைக் கடந்து பேசுகின்றனர் என்றும் பகவன் விடை பகர்ந்ததாகச் சம்யுத்த நிகாயம் கூறும். மலை சரிந்ததற்கு மழையும் மண்ணும் காரணமாயிருக்க, மாண்டவர் வினையை ஆராய்வானேன்?

தியானமே போதாதா எனின், போதாது என்பதே நம் கருத்து. கண்ணை மூடியவுடன் அவ்விரவே எதிர்நிற்கும் ஒருவனைத் தனியே நெடுநேரம் அமர்த்துவது கேட்டை மிகுவிக்கவும் கூடும். பயிற்சி பெற்ற உளவைத்தியர் அந்நினைவைப் பாதுகாப்பான இடத்தில் சிறிது சிறிதாக அணுகச் செய்து, அச்சத்தின் கூர்மையைக் குறைப்பர். பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் வேண்டும். சிலர்க்கு மருந்தும் உதவும். இடர் நேர்ந்த மறுநாளே நடந்ததைச் சொல் சொல்லென்று வற்புறுத்துவது நன்மை தருவதன்று. அவ்வேளை உணவும் போர்வையும் உடனிருப்பாருமே தேவை.

14416 என்பது இந்திய அரசு 2022 இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவியின் தொலைபேசி எண். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. முதன்முறை தனியே செல்லக் கூசுவோர் பலர். அவருடன் பேருந்தேறிச் சென்று, வைத்தியர் அறைக்கு வெளியே காத்திருந்து, அழைத்து வரச் சங்கத்து அன்பர் ஒருவர் முன்வருவாராக.