ஐந்தாம் சீலமும் புற்றுநோயும்

ஐந்தாம் சீலம் ஏற்ற உபாசகருள் சிலர் ஓர் ஐயத்தை எழுப்புகின்றனர். மயக்கத்திற்கும் மறதிக்கும் இடமாவதால் அன்றோ மது விலக்கப்பட்டது? அறிவு பிறழாத அளவில் சிறிது அருந்தினால் குற்றமென்ன?

உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் 1988ஆம் ஆண்டிலேயே மதுபானங்களைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் சேர்த்தது. மது உடலினுள் அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சாக மாறி உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழல், கல்லீரல், பெருங்குடல், பெண்டிர்க்கு மார்பகம் ஆகியவற்றில் நோய் தோன்றும் வாய்ப்பு பெருகுகிறது. கள்ளாயினும் சீமைச் சரக்காயினும் உள்ளிருக்கும் பொருள் ஒன்றே. தீங்கற்ற அளவென ஒன்றில்லை என்று அந்நிறுவனம் 2023இல் அறிவித்தது. ஆகவே அறிவு மயங்குமுன்னரே கேடு தொடங்கிவிடுகிறது.

நோய்க்கு அஞ்சி விலகுதல் சீலமாகுமா? தொடக்கமாகும் என்பதே என் கருத்து. ஆனால் புற்றுற்றவரைப் பார்த்து, "குடித்த வினை" என்று கூறுதல் கொடுமை. குடியாதார்க்கும் அந்நோய் வருகின்றது; எண்ணமே வினை என்றவர் பகவன்.

அவர் உபாசகர்க்கு விலக்கிய ஐந்து வணிகங்களுள் மது வணிகமும் ஒன்று. இதுவே கடினமான இடம். கள்ளிக்காட்டுக்குக் கீழே, நெய்யாற்றங்கரை அருவிப்புரத்தில் 1888இல் சிவலிங்கம் நிறுவிய ஸ்ரீ நாராயண குருவும், கள்ளிறக்கிப் பிழைத்தோர் பலரைக் கொண்ட தம் சமூகத்தாரிடம், மதுவைச் செய்வதையும் கொடுப்பதையும் குடிப்பதையும் ஒருங்கே விலக்கச் சொன்னார். அப்பக்கத்துப் பனையேறிகள் அறிவர்: கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிடில் அதே நீர் கள். அக்கானியைக் கருப்பட்டியாக்க விறகும் பொழுதும் செல்லும். கள்ளோ இறக்கிய அன்றே விலைபோகும்.